காலி வீதியில் வாப்பா

போன கிழமை அத்தியாயத்தில் ஸமீமா மாமியை மாடிப்படியில் ஏறவிட்டுவிட்டு நாம் பிரிந்தோம். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் லிஃப்ட் பழுது. நாங்கள் இருப்பது நாலாம் மாடி. மாமிக்கு முழங்கால் வருத்தம். ஆகவே அவர் இப்போதுதான் கதவைத் தட்டுகிறார் என்றால் என்னைக் கோபிக்காதீர்கள். கோபம் லிஃப்டுக்குப் போய்ச் சேரட்டும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் ரிம்ஸான். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு முதலாளி. அதாவது, முதலாளியின் மகன். முதலாளி ஜாபிர், என் வாப்பா, ஒரு நாள் இரவு வழக்கம்போலச் சோற்றில் உப்புக் குறைவு என்று குறை சொல்லிவிட்டுப் படுத்தார். சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. பக்கத்தில் கிடந்த உம்மாவுக்கே தெரியாமல் போய்விட்டார். ஸலாம் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே இல்லை.

அன்றிலிருந்து உம்மா, கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறார். வெளியே போவதில்லை. அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. வெள்ளைச் சேலை, நகை கிடையாது. தங்கை நஸ்லா முன் ஜன்னல்களுக்கெல்லாம் தடித்த துணி தைத்துப் போட்டாள். டிவியை ஸமீமா மாமி, வாப்பாவின் அக்கா, முதல் நாளே போர்வையால் சுற்றிக் கட்டினார். வாப்பாவின் மையித்தைக்கூட அவ்வளவு இறுக்கமாகக் கட்டவில்லை. உம்மாவின் போன் நஸ்லாவின் கைப்பையில். உம்மாவின் செருப்பைக்கூட மாமி எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார். வெளியில் போகாதவருக்குச் செருப்பு எதற்கு என்பது அவருடைய நியாயம்.

நஸ்லா வேலை செய்வது கோட்டையில், இந்த நகரத்துக்கு வெளிநாட்டுக்காரர்களை வரவழைக்கும் ஓர் அலுவலகத்தில். அதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல என்னால் முடியாது. வீட்டில் நாங்கள் அதை டூரிஸ்ட் ஒபிஸ் என்போம்.

ஒரு நகரத்தை எப்படி விற்பது என்று அங்கே மாதக்கணக்காகக் கூடிப் பேசினார்களாம். கடலைக் காட்டலாமா? அடுத்த தேசத்தில் இதைவிட நீலமான கடல் இருக்கிறது. கோபுரங்களைக் காட்டலாமா? வளைகுடாக்காரர்கள் சிரிப்பார்கள். கடைசியில் ஒருவர், மனிதர்களைக் காட்டுவோம், நம்மிடம் அது நிறைய இருக்கிறது என்றிருக்கிறார். சிரிக்கிற, இருப்பதைப் பகிர்கிற, கையசைத்து உள்ளே கூப்பிடுகிற சாதாரண மனிதர்கள். அப்போது நஸ்லா வாயைத் திறந்து, எங்கட வாப்பா இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் போன வருஷம் ஒரு நாள் முழுக்கக் கடையை மூடி, விளக்குகள் கட்டி, வாப்பாவைப் படம் எடுத்தார்கள். அதில் அரை நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் வெட்டி எடுத்தார்கள். வாப்பா தேநீர் ஆற்றுகிறார். கயிறு மாதிரி நீண்டு தேநீர் இறங்குகிறது. நிமிர்ந்து பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். பிறகு கையை அசைத்துக் கூப்பிடுகிறார். கொழும்பு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று மூன்று மொழியில் எழுத்து வருகிறது. அவ்வளவுதான்.

அது வெளியாவதற்குள் வாப்பா மௌத். அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. எங்களிடம் அதற்கு வேலை இல்லை. கீழே காவலாளி அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. படம் மட்டும் குறித்த நாளில் வெளியானது. விமான நிலையத்தில், விமானத்தின் ஆசனங்களில், வெளிநாட்டுக் கண்காட்சிகளில். பிறகு எங்கள் வீட்டுச் சந்தியிலேயே, காலி நகரத்துக்குப் போகிற காலி வீதியில், துணிக்கடைக் கட்டடத்தின் மேல் இருக்கிற இராட்சத ஒளித்திரையில்.

வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதும் அன்று காலை, அதைப் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுத்தான் ஸமீமா மாமி மாடியேறினார்.

வந்தவர் உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார். குசினியில் உம்மா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். மாமி குரலைத் தாழ்த்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“இண்டைக்கி நாப்பது கத்தம். பேருவளையால வேன் வருது, அக்குறணையால வேன் வருது. எல்லாம் அந்தச் சந்தியிலதான் லைட்டுக்கு நிக்கும். நாங்க வீட்டுல யாசீன் ஓதிட்டு ஈக்கிற, என்ட தம்பி ரோட்டுல பல்லக் காட்டிட்டு தேத்தண்ணி ஆத்துற. இது என்ன வெளாட்டு?”

நஸ்லா நிலத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கஷ்டமான நேரங்களில் ஆளுக்கொரு திசை உண்டு.

“லுத்பியாக்குத் தெரியுமா?”

உம்மாவுக்குத் தெரியாது என்றேன்.

“தெரியப்படுத்தவும் வாணாம். இத்தால ஈக்கிற பொம்புள. அவளுக்குத் தாங்க ஏலா. மஃரிபுக்கு முந்தி, பொழுது படுறதுக்குள்ள, அத எறக்குங்க. இல்லாட்டி நான் இந்தக் கத்தத்துக்கு ஈக்க மாட்டன்.”

மாமி இல்லாத கத்தம் என்பது எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. வாப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். அவருடைய கண் சிவந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். சந்தியிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் அழுதுகொண்டே வந்திருக்க வேண்டும்.

நஸ்லாவுக்கு இந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அந்தப் படம்தான் அவளுடைய பெரிய கெட்டித்தனம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவள் பையை எடுத்தாள். நான் ஓட்டோச் சாவியை எடுத்தேன். உம்மாவிடம் கத்தத்துக்குச் சாமான் வாங்கப் போகிறோம் என்றோம். உம்மா குசினியிலிருந்து சரி என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

சந்தியில் சிவப்பு விளக்கு. இரண்டு பேரும் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தோம். பார்த்தோம்.

வாப்பாவின் முகம் ஒரு வீட்டளவு. ஒவ்வொரு பல்லும் ஒரு கதவளவு. ஆற்றிய தேநீர் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தது. பிறகு அந்தப் பெரிய கை எழுந்து எங்களை நோக்கி அசைந்தது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தபோதுதான் பச்சை விழுந்து நேரமாகிவிட்டது தெரிந்தது. தம்பி, நித்திரையா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு முந்திப் போனான்.

நஸ்லா சால்வையால் மூக்கைத் துடைத்தாள். “நானா, இத நாந்தானே செஞ்ச.”

நீ எங்க செஞ்ச, நீ வாயத்தானே தொறந்த என்று ஓர் அண்ணனுக்குரிய ஆறுதல் சொன்னேன். என் ஆறுதல்கள் எல்லாம் இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

அலுவலகத்தின் வரவேற்பறையில் நகரத்தின் பெரிய வரைபடம் ஒன்று தொங்குகிறது. அதில் கொட்டாஞ்சேனை இருக்கும் இடத்தில் ஒரு சின்னத் தேநீர்க் கோப்பை. அது எங்கள் கடை. முகத்துவாரத்துக்கு ஒரு மீன், புறக்கோட்டைக்கு ஒரு குடை. வெள்ளவத்தைக்கு ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.

நஸ்லாவின் மேலதிகாரி யோகராஜ். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டார். பிறகு எங்கள் வேண்டுகோளைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

அந்தப் படம் எப்படி ஓடுகிறது என்று சொன்னார். வருகிறவர்களிடம் விமான நிலையத்தில் வைத்து, ஏன் இந்த நகரத்துக்கு வந்தீர்கள் என்று கேட்கிறார்களாம். கடல் என்று சிலர். சாப்பாடு என்று சிலர். அந்தத் தேநீர்க்கார மாமா கூப்பிட்டார் என்று பலர்.

அது எனக்கும் தெரியும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். எங்கே அங்கிள் என்று கேட்கிறார்கள். முதலில் வந்த ஒரு வயதான ஜேர்மன் தம்பதியிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மேலே என்று கையைக் காட்டினேன். இரண்டு பேரும் அண்ணாந்து, கடைக் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்காக நானே தேநீர் ஆற்றினேன். பாதி கோப்பையில், மீதி என் கையில். பரிதாபப்பட்டு அதையும் படம் எடுத்தார்கள்.

“தம்பி, அந்த ஒரு திரையில மட்டும் நிற்பாட்டேலாது,” என்றார் யோகராஜ். “எல்லாம் ஒரே இடத்தில இருந்துதான் ஓடுது. குடும்பம் வேண்டாம் எண்டு சொன்னால் எல்லா இடத்திலயும் எடுக்க வேணும். எடுத்த முழுப் படத்தையும் அழிக்கவும் வேணும். பிறகொரு நாள் வேற யாரும் எடுத்துப் பாவிக்கக் கூடாதெண்டு எங்கட விதி அப்பிடி. நல்லதுக்குப் போட்ட விதிதான்.”

“முழுப் படமெண்டா?”

“அண்டைக்கு நாள் முழுக்க எடுத்தது. உங்கட அப்பா கதைச்சது, சிரிச்சது எல்லாம். அழிச்சால் அழிச்சதுதான். வேற பிரதி இல்லை.”

நஸ்லா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவரிலும் வாப்பா இருந்தார், கோப்பையோடு.

யோகராஜ் மெதுவாகக் கேட்டார்: “அம்மாட்டக் கேட்டனீங்களோ?”

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்த அத்தியாயத்தில் எழுத எனக்குக் கை கூசுகிறது. பெரிய மனிதத் தோரணையில், கொஞ்சம் பெருமையோடும் கூட, உம்மா இத்தாவில் இருக்கிறார், இதையெல்லாம் அவருடைய காதில் நாங்கள் போடுவதில்லை, எங்கள் முறை அப்படி என்றேன். எந்தக் கிதாபில் அப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டால் தெரியாது. இத்தாவில் இருக்கிறவர் வெளியே போவதில்லை என்று இருக்கிறது. அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

யோகராஜ் உடனே கையை எடுத்துக்கொண்டார். “மன்னிக்க வேணும். உங்கட முறை எனக்குத் தெரியாது.” அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மரியாதைதான் காரணம். அவர் கொஞ்சம் மரியாதை குறைந்தவராக இருந்திருக்கலாம்.

பிறகு நஸ்லாவிடம் திரும்பி, கண்காட்சி நடக்கிற கிழமையில் படத்தை எடுத்தால் மேலிடத்தில் என்ன சொல்வார்கள், அவளுடைய ஒப்பந்தத்துக்கு என்ன ஆகும் என்று சொன்னார். மிரட்டலாக அல்ல, காய்ச்சல் எத்தனை என்று சொல்கிற டாக்டரைப் போல.

நஸ்லா கழுத்தில் கிடந்த அலுவலக அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். “எடுத்துருங்க சேர். அவர் எங்கட வாப்பா.”

இந்த நாட்டில் ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுக்க நான் எத்தனை தடவை அலைந்திருக்கிறேன். வாப்பாவை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் இறக்க எங்களுக்குக் கொடுத்த தேநீர் ஆறுகிற நேரம்தான் எடுத்தது. யோகராஜ் யாரிடமோ போனில் பேசினார். முடிந்துவிட்டது. மூலப் படத்தை மட்டும், அதற்குப் பொறுப்பான மேனகா நாளைக் காலை வந்ததும் முதல் வேலையாக அழிப்பார் என்றார்.

திரும்பி வரும்போது சந்தியில் வாப்பா இல்லை. அவர் இருந்த இடத்தில் ஒரு திமிங்கிலம் துள்ளிக்கொண்டிருந்தது. நஸ்லா அதைப் பார்த்து ஒரு மூச்சு விட்டாள். நானும் விட்டேன். ஏதோ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று இரண்டு பேரும் அப்போது உண்மையாகவே நினைத்தோம். பேரீச்சம்பழமும் கற்கண்டும் வாங்கிக்கொண்டு, கடையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, மாலையில்தான் வீட்டுக்கு வந்தோம். நஸ்லா கீழ்வீட்டில் பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகளை இரவல் கேட்க நின்றாள். நான் சாமானோடு மேலே வந்தேன்.

உம்மா குசினியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் இறைச்சிக் கறி தீய்கிற மணம். அவர் அதைக் கவனிக்கவில்லை. அடுப்புக்கு மேலே புகை போவதற்கென்று விட்ட சின்ன ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன் ஜன்னல்களுக்கெல்லாம் துணி போட்ட நாங்கள் அதை மறந்தே போய்விட்டோம். கரி படிந்த அந்த முழ அகலத்து ஓட்டையை யார் ஜன்னல் என்று நினைப்பார்கள்?

நான் அடுப்பை அணைத்தேன். உம்மா திரும்பாமலே கேட்டார்.

“மகன், அந்த டிவிக்கு என்ன நடந்த?”

டிவியை மாமி கட்டி வைத்திருக்கிறார் என்றேன்.

“அது இல்ல. ரோட்டுல ஈக்கிற பெரிய டிவி. காலைலேந்து வாப்பாவக் காணல்ல.”

என் கையில் பேரீச்சம்பழப் பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று குதிகாலில் எம்பிப் பார்த்தேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், பக்கத்து ஃபிளாட்டின் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், துணிக்கடைத் திரையின் முக்கால்வாசி தெரிந்தது. திமிங்கிலத்தின் வால் தண்ணீருக்குள் போனது.

“உம்மா, நீங்க கண்டீங்களா?”

“மொதல் நாள் காணக்குள்ள பைத்தியம் புடிச்சிட்டுண்டு நெனச்ச. பொறகு நஸ்லாட ஒபிஸ் வேலையாத்தான் ஈக்கும்ண்டு வெளங்கிச்சி. ஒங்களுக்கிட்ட செல்லல்ல. சென்னா இதுக்கும் துணி போட்டு மூடுவீங்க.”

சொல்லிவிட்டு முக்காலியிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தார். இந்தக் கிழமை முழுக்க வீட்டில் கறிகள் அடிப்பிடித்துக்கொண்டிருந்தன. கவலை என்று நினைத்து நாங்கள் பேசாமல் தின்றோம்.

“மனிசன் அப்படிச் சிரிக்கிற எனக்குத் தெரியா, ரிம்ஸான்.”

நான் பேரீச்சம்பழப் பையை நிலத்தில் வைத்தேன்.

“இத்தன வருஷம் குடும்பம் நடத்தின. ஊட்டுல வந்தா முகம் உம்மெண்டு ஈக்கும். சோத்தக் கொற செல்லுவாரு, கரண்ட் பில்லக் கொற செல்லுவாரு, படுப்பாரு. ஒரு நாளாவது கடைக்குக் கூட்டிட்டுப் போங்கண்டு கேட்ட. ஆம்புளைங்க வாற எடம், ஒனக்கு அங்க என்ன வேலண்டு சென்னாரு. நான் ஒரு நாளும் போகல்ல. கடைல நிக்கிற மனிசன இப்பதான் கண்ட.”

குசினிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தம் ஓத லெப்பை கூடத்துக்கு வந்துவிட்டார். பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.

“யாரப் பாத்து மகன் அவர் அப்படிச் சிரிக்காரு?”

எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன். கமராக்காரர்கள் எவ்வளவு கேட்டும் வாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் நான் கோப்பைத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தேன். விளக்குக்குப் போட்டிருந்த வயர் என் காலில் மாட்டியது. தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், என் இடுப்புச் சாரம் வேறொரு பக்கம். நான் எழும்பிப் பார்த்தபோது வாப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். உலகத்தையே கொழும்புக்குக் கூப்பிட்ட அந்தச் சிரிப்பின் மூலப்பொருள் நான்தான்.

“என்னப் பாத்து,” என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

உம்மா முதலில் என்னையே பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வாப்பா போன பிறகு உம்மா சிரித்ததை நான் காண்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்புத்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

“நாளைக்கும் அத போடுவாங்களா?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது எனக்குப் புதிதுமல்ல. மின்விசிறிக்குக் கையசைக்க வைத்தவன் நான். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் பொய் வாயில் வரவில்லை. காலையில் நடந்ததைச் சொன்னேன். மாமி வந்ததை, நஸ்லா அட்டையைக் கழற்றியதை, யோகராஜ் கேட்ட கேள்வியை, அதற்கு நான் சொன்ன பதிலை.

உம்மா கோபிக்கவில்லை. அதுதான் மோசம்.

“என்னட்டக் கேக்கத் தேவல்லையா, மகன்?”

நஸ்லா சஹன்களோடு குசினி வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. சஹன்களை நிலத்தில் வைத்துவிட்டு உம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அழுதாள். உம்மாவுக்குத் தாங்க முடியாது என்றுதான் செய்தோம் என்றாள். பிறகு, அழுகிறவர்கள் எதையாவது கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்ப்பார்களே, அப்படி, யாரும் கேட்காததை அவளாகச் சொன்னாள்.

“அண்டைக்கி ஒங்களப் பத்தியும் கேட்டாங்க உம்மா. வாப்பா நெறையக் கதைச்சாரு.”

உம்மாவின் கை நஸ்லாவின் தலையில் அப்படியே நின்றது.

“என்னப் பத்தியா? என்ன சென்னாரு?”

நஸ்லா என்னைப் பார்த்தாள். படமெடுத்த அன்று, அந்த நேரத்தில் நான் உடைந்த கோப்பைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. அவள் வாசலில் சனத்தை விலக்கிக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. சத்தம் பதிகிற பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் கேட்டார்கள். கொஞ்ச நேரம் சிரித்தார்கள், பிறகு சிரிக்காமல் இருந்தார்கள் என்று மட்டும் நஸ்லாவுக்கு ஞாபகம். அந்தத் துண்டை யாரும் வெட்டி எடுக்கவில்லை. ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு தேநீர்க்காரரின் மனைவியைப் பற்றி என்ன கவலை?

“அது இப்ப எங்க ஈக்கு?”

“ஒபிஸ்ல. நாளைக்கிக் காலைல அழிக்கிற.”

நான் யோகராஜின் இலக்கத்துக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். நஸ்லா மேனகாவுக்கு அடித்தாள். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

உம்மா எழுந்தார். முகம் கழுவினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது கறுப்பு அபாயா போட்டிருந்தார். வெள்ளைச் சேலைக்கு மேலேயே போட்டதால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. முகத்தை மூடியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது.

“அந்த யோகராஜ்ட வீடு எங்க? அழிக்க முந்தி நானே போய்க் கேக்கணும்” என்று நஸ்லாவிடம் கேட்டார்.

கொட்டாஞ்சேனைக் கோவிலுக்குப் பக்கத்தில் என்றாள் நஸ்லா. இலக்கம் தெரியாது, கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்றாள்.

கூடத்தில் பேருவளைக்காரர்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். அக்குறணை வேன் கீழே ஹோர்ன் அடித்தது. இத்தாவில் இருக்கிறவர் குசினியிலிருந்து கூடத்துக்கு வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. லெப்பை முதலில் நிமிர்ந்தார், உடனே குனிந்து பாயின் கரையைப் பார்த்தார். மற்ற ஆண்கள் எல்லோரும் அவரைப் பார்த்துத் தாங்களும் பாயைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு பாதை மட்டும் தானாகத் திறந்தது.

வாசலில் ஸமீமா மாமி நின்றார். திரையில் திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். கையில் கத்தத்துக்கென்று மல்லிகையும் ஊதுபத்தியும். ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“லுத்பியா. எங்க போற?”

“கொட்டாஞ்சேனைக்கி.”

“இத்தால ஈக்கிறது மறந்திட்டா? இத்தன ஆம்புளைங்களுக்கு மத்தியில?”

“மறக்கல்ல மதினி. ஊடு நெருப்புப் பத்தினா இத்தால ஈக்கிறவ வெளில வரலாம்தானே?”

மாமி உள்ளே எட்டிப் பார்த்தார். “எங்க பத்துது?”

 உம்மா நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“நீங்க அவர வளத்தீங்க. சின்னதுல அவர் எப்படிச் சிரிச்சாருண்டு ஒங்களுக்குத் தெரியும். புள்ளைங்களுக்குத் தெரியும். கடைக்கி வாற வெள்ளக்காரனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஒருத்தரும் காட்டல்ல, மதினி.”

  மாமி கையிலிருந்த மல்லிகைப் பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் வாசலை விட்டு நகரவில்லை.

படியில் அக்குறணைக்காரர்கள் ஏறிவருகிற சத்தம் கேட்டது. பள்ளியில் மஃரிப் பாங்கு தொடங்கியது. உம்மா வாசல் மூலையில் குனிந்து செருப்பைத் தேடினார். அந்த இடம் வெறுமையாக இருந்தது. என் செருப்பைக் கழற்றித் தரப் போனேன். அவர் அதைப் பார்க்கவில்லை. மாமியின் தோளைத் தன் தோளால் மெல்ல ஒதுக்கிவிட்டு, வெறுங்காலோடு வாசற்படியைத் தாண்டினார்.